உள்ளே விடலாமா, வேண்டாமா?

கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பில் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? ‘‘ஃபயர்வால் போட்டுடலாமா சார்?’’ காபிக்குச் சர்க்கரை போடலாமா என்கிற தொனியில் கேட்பார்கள். நாமும் என்ன ஏது என்று தெரியாமல், ‘‘போடுங்க, எல்லாம் நல்லதாவே போடுங்க’’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவோம். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் காபி விலையைவிடச் சர்க்கரை விலை ஜாஸ்தியாக இருக்கும்!

எங்கள் ஜீயபுரத்தில் வாழைத்தார் கமிஷன் வியாபாரம் செய்கிற நண்பர் ஒருவர் அப்படி ஒரு கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு அல்ல, அதைக் காப்பாற்றுவதற்கு மட்டும். ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு வருஷா வருஷம் லைசென்ஸ், மாட்டுக்கூலி தனி. மொத்தம் 41,500 ரூபாய்.

‘‘என்ன சார் அநியாயம், இந்த விலைக்கு ஒரு பம்புசெட் மோட்டாரே வாங்கிடலாம். மோட்டாராவது தண்ணி இறைக்கும். இது என்ன பண்ணும்னு கேட்டா, சும்மா உட்கார்ந்திருக்கும்கிறான்.’’

‘‘சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் அதோட வேலை. வாட்ச்மேன் மாதிரி.’’

‘‘வாட்ச்மேனாவது ராத்திரி தூங்கினா எழுப்பலாம்.’’

சிரித்தாரே தவிர, முகத்தில் பயம் தெரிந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் 11 வருஷத்துக் கணக்கு இருக்கிறது. எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம், யார் தோட்டத்திலிருந்து எத்தனை தார் இறங்கியது, எந்த லாரிக்கு வாடகை பாக்கி, எல்லாம் அதற்குள். அதிலேயே அவர் பெண் காலேஜ் பாடம் படிக்கிறாள். மனைவி பாங்க் வேலைகளைப் பார்க்கிறார். பையன் இரவு பதினொரு மணிவரை யாரையாவது சுட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கணக்கு காணாமல் போனால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குள் ‘நீ கொடுத்தாய், நான் கொடுக்கவில்லை’ என்று சண்டை வந்துவிடும்.

கம்ப்யூட்டரோடு ரொம்ப வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் என்னிடம் வந்தார். ‘‘இந்தச் சுவர் வேணுமா வேணாமா, எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்’’ என்றார். நாலு நாள் அவர் வீட்டுக் கூடத்தில், அவர் வீட்டுக் காபியில் நடந்த ஆராய்ச்சியின் முடிவுகள் இதோ.

நெருப்பு எங்கே வந்தது?

முதலில் பெயர். ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகளில் ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் நடுவில் எழுப்புகிற தடிமனான சுவருக்குத்தான் முதலில் இந்தப் பெயர். மோட்டார் காரில் இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புக்கும் அதே பெயர். கம்ப்யூட்டர்க்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள். 1988 நவம்பர் 2-ம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்கிற அமெரிக்க மாணவர் அவிழ்த்துவிட்ட ஒரு புரோகிராம் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திணறடித்தது. அதுவரை இன்டர்நெட் என்பது தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம். அதற்குப் பிறகுதான் வாசலில் ஆள் நிறுத்த வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

ஃபயர்வால் எப்படி வேலை செய்கிறது என்று என் நண்பருக்குப் புரியவைக்க ரொம்பச் சிரமப்படவில்லை. ஜீயபுரத்திலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் முக்கொம்பு. காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று கொள்ளிடமாகவும் ஒன்று காவிரியாகவும் போகிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான். அணையின் ஷட்டர்கள் ஆற்றை நிறுத்துவதில்லை. இவ்வளவு தண்ணீர் இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம் என்று தீர்மானிக்கின்றன.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்த மாதிரி வாசல்கள் உண்டு. ‘போர்ட்’ என்பார்கள். எத்தனை தெரியுமா? மொத்தம் 65,536! மரக்கதவு கிடையாது, வெறும் நம்பர்தான். பாங்க் வெப்சைட்டுக்குப் போகும்போது அங்கே தட்டப்படும் வாசல் 443. மெயில் கொண்டுபோகிறவர்கள் ஒருவருக்கொருவர் தட்டும் வாசல் 25. ஃபைல்களைப் பக்கத்துக் கம்ப்யூட்டரோடு பகிர்ந்துகொள்ளும் வாசல் 445. ஃபயர்வால் இந்த வாசல்களில் நின்றுகொண்டு ஒரே ஒரு சட்டத்தை நிறைவேற்றுகிறது. ‘நீ கூப்பிட்டு, அதற்குப் பதிலாக ஒருவன் வந்தால் உள்ளே விடு. நீ கூப்பிடாமல் வருகிறவனை வெளியிலேயே நிறுத்து.’

இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பலமும் இதில்தான், பலவீனமும் இதில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அறுபது செகண்ட் கவுன்ட்டவுன்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. டெலிபோன் லைனில் கீச்சுக் கீச்சென்று மோடம் கத்திய காலம். இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு என்பதால் திருடனும் நம்மைப்போலவே வரிசையில் நின்றான். ஃபயர்வால் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை.

2003 ஆகஸ்ட் 11-ம் தேதி அந்த நிம்மதி போயிற்று. ‘பிளாஸ்டர்’ என்று ஒரு புழு. நீங்கள் எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டாம், எந்தப் படத்தையும் அமுக்க வேண்டாம். இன்டர்நெட்டில் இணைந்தாலே போதும், 135-ம் நம்பர் வாசல் வழியாக அதுவாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் ‘இன்னும் அறுபது விநாடியில் கம்ப்யூட்டர் அணையப்போகிறது’ என்று ராக்கெட் விடுகிற மாதிரி எண்ணிக்கை ஓடும். அணையும். போட்டால் மறுபடி அணையும்.

வேடிக்கை என்னவென்றால், அப்போதைய விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைத்துக் கொடுத்திருந்தார்கள்! பூட்டையும் வாங்கிக் கொடுத்து, சாவியை அலமாரியில் வைத்து, அலமாரி எங்கே என்று சொல்லாமல் போனது போல. பிளாஸ்டர் தந்த பாடத்துக்குப் பிறகு 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் மைக்ரோசாஃப்ட் அதை ஆரம்பத்திலிருந்தே போட்டுக் கொடுத்தது. இன்றுவரை அந்த வழக்கம் தொடர்கிறது.

‘‘அப்ப என் கம்ப்யூட்டர்லயும் இருக்கா?’’ என்றார் நண்பர்.

‘‘இருக்கு.’’

‘‘அப்ப இந்த 41,500?’’

‘‘அதுக்குத்தான் வர்றேன்.’’

மூன்று வகைச் சுவர்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் தேர்ந்தெடுப்பது என்றால், சுற்றிச் சுற்றி மூன்று வழிதான்.

முதல் வழி, கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. விண்டோஸில் அது ஓடிக்கொண்டே இருக்கும். கேட்காமல் வருகிறவர்களைத் தடுக்கும், உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களைப் பெரும்பாலும் கேள்வி கேட்காது. ஆப்பிள் மேக்கிலும் உபுண்டு லினக்ஸிலும் ஃபயர்வால் உண்டு, ஆனால் வழக்கமாக நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். செலவு பூஜ்யம்.

இரண்டாவது வழி, காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு சாஃப்ட்வேர். நம் சென்னைத் தயாரிப்பான கே-7, புனேயின் குவிக் ஹீல் என்று தொடங்கி வெளிநாட்டுச் சரக்கு வரை நிறைய இருக்கின்றன. வைரஸ் தடுப்போடு ஃபயர்வாலும் சேர்ந்து வரும் வகைகள் இவற்றில் உண்டு. வெளியே போகிற புரோகிராம்களையும் நிறுத்திக் கேள்வி கேட்பது, பையன் எந்த நேரத்தில் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துவது போன்ற வசதிகள் வேண்டும் என்றால் வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம். ஒன்றை வாங்கினால் ஒன்றுதான். இரண்டு கம்பெனி ஃபயர்வாலை ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன் வைத்த கதைதான். திருடனை விட்டுவிட்டு ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வகையில் இன்னொரு தொந்தரவும் உண்டு. 2000-க்குப் பிறகு ‘ஸோன் அலாரம்’ என்கிற இலவச ஃபயர்வால் ரொம்பப் பிரபலமாக இருந்தது. நல்ல சரக்கு. ஆனால் ‘இன்னார் வெளியே போகணும்கிறார், விடலாமா?’ என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கும். முதல் நாள் உன்னிப்பாகப் படிப்போம். இரண்டாம் நாள் பாதி படிப்போம். மூன்றாம் நாள் கேள்வி வருவதற்கு முன்னாலேயே விரல் ‘விடலாம்’ மேல் போய் நிற்கும். ஓயாமல் கேட்கிற வாட்ச்மேனிடம் வீட்டுக்காரர் சொல்லும் பதில் எப்போதுமே ‘‘சரி, விடுப்பா’’தான்!

மூன்றாவது வழிதான் நண்பர் கொட்டேஷனில் இருந்த தனிப் பெட்டி. மோசமான பொருள் இல்லை. முப்பது பேர் வேலை செய்கிற ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ் என்றால் அவசியம். ஆனால் அதை மாட்டினால் மட்டும் போதாது. என்ன விடலாம், என்ன கூடாது என்று விதி எழுதி, பதிவுகளைப் படித்து, அவ்வப்போது திருத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டில் அது விளக்கு எரிகிற ஒரு பெட்டி. கொலுவில் வைக்கலாம்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கிற ரவுட்டர்!

தூசிக்குள் ஒரு காவல்காரன்

வீட்டில் நாலு செல்போன், ஒரு டி.வி., ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலும் பழைய முறையில் வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுக்க ஒரே விலாசம்தான். எல்லாரும் அந்த ஒரே விலாசத்தில் குடித்தனம். உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று ரவுட்டர் குறித்து வைத்திருக்கும். பதில் வந்தால் உரியவரிடம் கொடுக்கும். யாரும் கேட்காமல் ஒரு பார்சல் வந்தால் யாருக்கென்றே தெரியாது, வாசலிலேயே கடாசிவிடும். ஃபயர்வாலுக்காகக் கண்டுபிடித்தது இல்லை இது. விலாசம் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்தது. போகிற போக்கில் காவலும் காக்கிறது.

இப்போது விலாசத்தில் புதிய ஆறாம் பதிப்பு வந்திருக்கிறது. அதில் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி விலாசம். அதனால் உங்கள் ரவுட்டரில் ஆறாம் பதிப்புக்கான ஃபயர்வால் போடப்பட்டிருக்கிறதா என்று இணைப்புக் கொடுத்தவரையே ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் காவல்காரனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’ என்று ஊருக்கே தெரிந்த சாவியோடு பிறக்கிறான். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஏராளமாகச் செயலிழந்தன. தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடம்களுக்குள்தான் அந்தக் கிருமி புகுந்தது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் ‘மிராய்’ என்கிற கிருமி, இதே மாதிரி பிறவிப் பாஸ்வேர்டோடு கிடந்த வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் பூராவும் பிடித்துப் பட்டாளம் சேர்த்தது.

நண்பர் வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த அதே பாஸ்வேர்ட்தான். ‘‘நாலு வருஷமா மாத்தலையா?’’ என்று கேட்டேன்.

‘‘அதான் எழுதியிருக்கே சார், மறக்காம இருக்கறதுக்கு!’’ என்றார்.

அதை மாற்ற ஐந்து நிமிஷம் ஆயிற்று. ‘வெளியிலிருந்து நிர்வகிக்கலாம்’ என்ற வசதியை அணைத்தோம். பையனின் விளையாட்டுக்காக ரவுட்டரே தானாக வாசல் திறந்துவிடுகிற வசதி ஒன்று உண்டு, அதையும் அணைத்தோம். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முக்கொம்பில் அடித்துப்போன ஷட்டர்

சுவர் இருக்கிறது, போதுமா? போதாது. 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தோடு போனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காக நின்றது இன்றைக்கும் நிற்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆற்றுக்கு அந்த எண்ணம் கிடையாது.

2017 மே 12-ம் தேதி பரவிய ‘வான்னாக்ரை’ அந்த மாதிரி ஒரு வெள்ளம். ஃபைல்களையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு ‘காசு கொடுத்தால் திறப்பேன்’ என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. புகுந்த வாசல் 445. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ‘அப்டேட் செய்யட்டுமா?’ என்று கேட்கும்போது ‘அப்புறம்’ என்கிறோமே, அந்த அப்புறத்தின் விலை அது.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடும் வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு புது ஃபயர்வாலுக்குச் செலவு செய்வது, இற்றுப்போன நிலைக்குப் பித்தளைப் பூட்டு மாட்டுவது போலத்தான். அந்தக் காசை நிலையை மாற்றப் போடலாம்.

ரங்கன் வந்தான், சாப்பிட்டான்

மூன்றாம் நாள்தான் நண்பர் விஷயத்தை அவிழ்த்தார். கொட்டேஷன் வாங்கப் போனதற்கே காரணம் இருந்திருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரில் லாரி வாடகை சம்பந்தமாக எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. சைரன் சத்தம். ‘உங்கள் ஃபயர்வால் உடைந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்’ என்று ஒரு நம்பர். பதறிப்போய்ப் போன் செய்திருக்கிறார். மறுமுனையில் ரொம்ப மரியாதையான ஒரு பையன். ‘‘பயப்படாதீங்க சார், நாங்க இருக்கோம். நான் சொல்ற ஒரு சின்ன புரோகிராமை மட்டும் இறக்கிக்குங்க’’ என்றிருக்கிறான். இறக்கிக்கொண்டார். அந்த ஒன்பது இலக்க நம்பரைப் படித்துச் சொல்லுங்கள் என்றான். சொன்னார். கொஞ்ச நேரத்தில் மௌஸ் அம்பு தானாகவே திரையில் நடக்க ஆரம்பித்தது. ‘‘இப்ப உங்க பாங்க் அக்கவுன்ட்டுக்குள்ள போய், பத்திரமா இருக்கான்னு பார்த்துடுவோம் சார்...’’

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு நேரே போய் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அம்பு நின்றுவிட்டது.

‘‘எதுக்கும்மா பிடுங்கினே, அவன் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கான்னேன். ‘ரிப்பேர் பண்றவன் எதுக்கு பாஸ்புக்கைக் கேக்கறான்?’னா சார்.’’

இந்த அம்மாளுக்கு முன்னால் 41,500 ரூபாய்ப் பெட்டி எம்மாத்திரம்!

எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. ஒரு பாட்டி. அவளுக்கு ஒரே பேரன், பெயர் ரங்கன். காவிரிக்குப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பேரனைக் காணாமல் பாட்டி ரங்கநாதனைக் கூவி அழுதாள். சற்று நேரத்தில் ‘‘பாட்டி’’ என்று ரங்கன் வந்து நின்றான். பழையதும் மாவடுவும் போட்டாள். சாப்பிட்டான். அப்போது நிஜ ரங்கன் கரையேறி வீட்டுக்கு வர, முதலில் வந்தவன் சிரித்துக்கொண்டே மறைந்துபோனான். வந்தது பெருமாள் என்று பாட்டிக்கு அப்புறம்தான் புரிந்தது. பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் மண்டபத்துக்கு எழுந்தருள்வதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

வேஷம் போட்டு வந்தது பெருமாள். அதனால் பாட்டிக்குப் பழையதோடு போயிற்று. இப்போது வேஷம் போட்டு வருகிறவர்கள் பெருமாள் இல்லை. பழையதும் கேட்பதில்லை.

ஆரம்பத்தில் சொன்ன சட்டத்தை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நீ கூப்பிட்டு வருகிறவனை உள்ளே விடு. நண்பர் தானே போன் செய்தார். தானே புரோகிராமை இறக்கினார். அந்தப் புரோகிராம் உள்ளேயிருந்து வெளியே போய் அவனைக் கைபிடித்து அழைத்து வந்தது. ஃபயர்வாலைப் பொறுத்தவரை வந்திருப்பது வீட்டுக்காரர் அழைத்த விருந்தாளி. தடுக்க அதற்கு முகாந்திரமே இல்லை. விலை கூடின பெட்டிகள் சில மோசடித் தளங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு தடுக்கும், உண்மை. ஆனால் நேற்று முளைத்த தளத்தையும், நம் வாயாலேயே சொல்லிக் கொடுத்த நம்பரையும் எந்தச் சுவரும் நிறுத்தாது.

ஒரே ஓர் அடையாளம் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. நம்பர் இருந்தால் அது எச்சரிக்கை இல்லை, தூண்டில். அந்தச் சிவப்புத் திரை வெறும் ஒரு வெப்சைட்தான். மூடிவிடலாம். மூட வராவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம். ‘அணைக்காதே’ என்று சொல்கிறதா, அப்படியென்றால் கண்டிப்பாக அணையுங்கள்!

உள்சுவர்

ஒருவன் எப்படியோ உள்ளே வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் போக முடியும்? ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரம். வெளிச் சுற்றுகளில் வீடு, கடை, ஆட்டோ எல்லாம் உண்டு, யாரும் போகலாம் வரலாம். உள்ளே போகப் போகக் கெடுபிடி கூடும். எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் போட்டுவைக்கவில்லை.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைகளுக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த கம்ப்யூட்டர் ஒன்றில் கிருமி இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-ம் தேதி ஒப்புக்கொண்டது. உள்ளே இருக்கும் முக்கியமான நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் சொன்னது. அந்த நடுச்சுவர் இல்லாதிருந்தால் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. அணு உலைக்கு வேண்டியது வாழைத்தார்க் கணக்குக்கும் வேண்டும்தானே?

நண்பர் வீட்டில் இப்படிச் செய்தோம். டி.வி., கேமரா, விருந்தாளிகளின் செல்போன் எல்லாவற்றுக்கும் ரவுட்டரிலேயே விருந்தினர் வைஃபை. கம்ப்யூட்டரில் பையனுக்குத் தனி அக்கவுன்ட், புதிதாக எதையும் இறக்கிப் போட அதிகாரம் இல்லாதது. கணக்கு ஃபைல்களுக்கு 11 வருஷத்தில் ஒரு நகல்கூட இல்லை. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி முழுக்க நகல் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நகல் எடுத்துவிட்டு உடனே கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால், வருகிற கிருமி நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். அந்த மோசடிப் புரோகிராமைத் துடைக்க, மற்ற ஃபைல்களை எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாகப் போட்டோம். பாங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம்.

ஆன செலவு ஹார்ட் டிஸ்க் விலை மட்டும். கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் அவர் மனைவி பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

கத்தரித்து ஒட்டிவைத்துக்கொள்ள

* கம்ப்யூட்டரில் உள்ள ஃபயர்வால் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பத்து பேர் வீட்டுக்கு இதுவும் ரவுட்டரும் போதும்.

* காசு கொடுத்து வாங்கினால் ஒன்று மட்டும். அதையும் நிறுவனத்தின் தளத்திலோ கடையிலோ வாங்குங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று போனில் வருகிறவரிடம் வேண்டாம்.

* ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் இரண்டும் வேறு வேறு. இரண்டையும் மாற்றுங்கள். எழுதிவைக்க வேண்டுமென்றால் டைரியில், ரவுட்டர் முதுகில் அல்ல.

* லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் சேரும்போது ‘பொது நெட்வொர்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்வால் தானே கெடுபிடியாகிவிடும்.

* தெரியாதவர் சொல்லி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராமை இறக்காதீர்கள். பாங்க், போலீஸ், டெலிபோன் ஆபீஸ், யார் பெயரைச் சொன்னாலும் சரி.

* பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போகிற வழியில் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது ஒருநாள் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு புரோகிராமைச் சொல்லி, ‘உள்ளே விடலாமா, வேண்டாமா?’ என்று கேட்கும். என்னவென்று தெரியாவிட்டால் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள். அதிகம் போனால் பையனின் விளையாட்டு ஓடாது, பிரின்ட்டர் அடம்பிடிக்கும். தப்பு என்று தெரிந்தால் மறுபடி திறந்துவிட்டுக்கொள்ளலாம். ‘விடலாம்’ என்று அழுத்தியது தப்பாகிவிட்டால் வெளியே அனுப்புவது அவ்வளவு சுலபம் இல்லை.